பல்லில் ஒரு கோடு

போன வருஷம் கடைவாய்ப் பல் வலி தாங்காமல் ஒரு பல் டாக்டரிடம் போனேன். சொத்தையை அடைத்து முடித்தவர், சின்னக் கண்ணாடியைப் பிடித்து என் முன்பல்லைக் காட்டினார். பல்லின் குறுக்கே மெல்லிய பள்ளம் போல ஒரு கோடு. "சின்ன வயசுல பெரிய காய்ச்சல் ஏதாவது வந்துச்சா சார்? மூணு வயசு வாக்குல?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தினமும் துலக்குகிற பல்தான், ஆனா அந்தக் கோட்டை நான் கவனித்ததே இல்லை.

விஷயம் எளிமையானது. பல் ஈறுக்குள் உருவாகும்போது எனாமல் அடுக்கடுக்காகப் படிகிறது. குழந்தைக்குக் கடும் நோயோ பட்டினியோ வந்தால் அந்த வேலை தடைபடும். உடம்பு தேறியதும் மறுபடி தொடங்கும். தடைபட்ட இடம் கோடாக நின்றுவிடும். எலும்பு சேதமானால் உடம்பு அதைத் திரும்பக் கட்டிக்கொள்ளும். எனாமலுக்கு அந்த வசதி கிடையாது. அதனால்தான் பத்தாயிரம் வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருவரின் மூன்றாவது வயதில் என்ன நடந்தது என்று இன்றைக்கும் பேச முடிகிறது.

அந்த நாற்காலியிலேயே எனக்கு ஜாரெட் டயமண்ட் ஞாபகம் வந்துவிட்டார். 1987இல் 'டிஸ்கவர்' இதழில் அவர் எழுதிய கட்டுரை, விவசாயத்துக்கு மாறியதுதான் மனித இனம் செய்த மிகப் பெரிய தவறு என்று வாதிட்டது. கல்லூரி முடித்த புதிதில் அதைப் படித்துவிட்டு நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் சண்டை போட்டிருக்கிறேன். பிறகு யுவால் நோவா ஹராரியின் 'சேப்பியன்ஸ்' வந்தது. வேளாண் புரட்சியை வரலாற்றின் ஆகப்பெரிய மோசடி என்று தலைப்பிலேயே அறிவிக்கும் அத்தியாயம் அதில் இருக்கிறது. வேட்டைக்காரர்களின் உலகத்திலும் குழந்தைச் சாவுகள் அதிகம் இருந்தன என்று ஹராரியும் எழுதத்தான் செய்கிறார். ஆனா படித்தவர்கள் வாயில் அது வருவதில்லை. மோசடி என்ற சொல்தான் ரீல்ஸ் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. அதை நம்மூர் 'முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை' கோஷ்டியும் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டது.

இந்த வாதத்தின் முக்கியமான சாட்சிகளில் ஒன்று பல். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் மவுண்ட்ஸ் என்ற இடத்தில் சுமார் 800 எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஏறத்தாழ 900 வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்தவர்கள் வேட்டையும் சேகரிப்பும் கலந்த வாழ்க்கையிலிருந்து மக்காச்சோள விவசாயத்துக்கு முழுமூச்சாக மாறினார்கள். ஜார்ஜ் ஆர்மலகோஸும் சக ஆய்வாளர்களும் அந்தப் பற்களைப் பார்த்தபோது, மாற்றத்துக்குப் பிறகு எனாமல் கோளாறுகள் கிட்டத்தட்ட 50 சதவீதம் கூடியிருந்தன. பிறக்கும்போது எதிர்பார்க்கக்கூடிய ஆயுள் 26 வருஷத்திலிருந்து 19 ஆகக் குறைந்தது என்ற கணக்கையும் டயமண்ட் தருகிறார். படித்தால் யாருக்கும் சோறு இறங்காது.

இதில் உண்மை இல்லாமல் இல்லை. 2013இல் ஐரோப்பிய எலும்புக்கூடுகளின் பற்காரையிலிருந்து, அதாவது பல்லில் கல்லாக இறுகிப்போன அழுக்கிலிருந்து, பாக்டீரியாக்களின் டிஎன்ஏவைப் பிரித்துப் பார்த்தார்கள். விவசாயம் வந்தபோது வாய்க்குள் வாழும் பாக்டீரியாக்களின் கூட்டமே மாறியிருந்தது. மாவுச்சத்து கூடினால் அதைத் தின்று அமிலம் கக்கும் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அமிலம் எனாமலைக் கரைக்கிறது, சொத்தை விழுகிறது. பல இடங்களில் இந்தச் சுமை பெண்கள் வாயில்தான் அதிகம் விழுந்தது. விவசாயத்தோடு பிரசவங்களும் கூடியதை இதற்கு ஒரு காரணமாகச் சொல்கிறார் பல் மானுடவியலாளர் ஜான் லூகாக்ஸ்.

ஆனா எல்லாப் பற்களும் ஒரே கதையைச் சொல்லவில்லை. மொராக்கோவில் தாஃபோரால்ட் என்றொரு குகை. சுமார் 15,000 வருஷத்துக்கு முன்னால் அங்கே வாழ்ந்தவர்கள் ஒரு விதைகூட விதைக்காதவர்கள். பெரியவர்களின் பற்களில் பாதிக்கு மேல் சொத்தை. ஓக் மரக் கொட்டைகளையும் பைன் விதைகளையும் சேகரித்துவைத்து வருஷம் முழுக்கத் தின்றிருக்கிறார்கள். பல்லுக்கு, மாவுச்சத்து காட்டிலிருந்து வந்ததா வயலிலிருந்து வந்ததா என்ற வித்தியாசம் தெரியாது. நேர் எதிர்ப்பக்கம் தென்கிழக்கு ஆசியா. தாய்லாந்தின் பழைய புதைகுழிகளில் கிடைத்த பற்களை ஆராய்ந்தவர்கள், நெல் விவசாயம் பரவியதோடு சொத்தை கூடவில்லை என்று 2000இல் எழுதினார்கள். டயமண்டின் கட்டுரையில் விவசாயம் என்பது ஒற்றைச் சொல். பல்லுக்கு மக்காச்சோளம் வேறு, நெல் வேறு.

விவசாயத்துக்கு முந்தைய காலம் நிம்மதியானது என்ற கற்பனைக்கும் பல் இடம் கொடுப்பதில்லை. பிரான்சில் பேர் என்ற இடத்தில் கிடைத்த, சுமார் 2,50,000 வருஷப் பழைய நியாண்டர்தால் குழந்தைப் பல் ஒன்றை அடுக்கு அடுக்காகப் படித்து 2018இல் வெளியிட்டார்கள். அந்தக் குழந்தை இரண்டரை வயது வரை தாய்ப்பால் குடித்திருக்கிறது. குளிர் காலத்தை ஒட்டி இரண்டு முறையாவது ஈயம் அதன் உடம்புக்குள் போயிருக்கிறது. தொழிற்சாலை எதுவும் இல்லாத உலகத்தில்.

இருந்தாலும் டயமண்டோடு எனக்கு இருக்கிற பெரிய சண்டை இது எதுவும் இல்லை. 1992இல் ஜேம்ஸ் வுட்டும் மூன்று சக ஆய்வாளர்களும் எலும்பியல் முரண் என்ற ஒரு சிக்கலை முன்வைத்தார்கள். நோயின் தடயம் எலும்பிலோ பல்லிலோ பதிய நேரம் வேண்டும். பல்லில் கோடு விழ வேண்டுமென்றால் ஆள் பிழைத்து எழ வேண்டும். வந்த வேகத்தில் கொன்றுவிடும் நோய் எந்தத் தடயத்தையும் விட்டுவைக்காது. அப்படியானால் கோடு நிறைந்த பற்கள் கிடைத்த ஊர் நோயாளிகளின் ஊரா, நோயைத் தாண்டி வந்தவர்களின் ஊரா? பல்லை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆயுள் கணக்கிலும் இதே கண்ணிதான். விவசாயம் வந்து குழந்தைகள் நிறையப் பிறந்தால், புதைகுழியிலும் குழந்தைகள் அதிகம் இருப்பார்கள். சாகும் சராசரி வயது தானாகவே இறங்கும். யாருடைய உடல்நலமும் கெட்டிருக்க வேண்டியதில்லை.

இதை நான் தாளில் படித்துப் பல வருஷம் ஆகிறது. புரிந்தது போன வருஷம்தான்.

டாக்டர் கேட்டதை அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "உனக்கு மூணு வயசுடா. அக்காவுக்கும் உனக்கும் ஒண்ணாதான் அம்மை போட்டுச்சு. ஒரே பாயில வேப்பிலை பரப்பி ரெண்டு பேரையும் படுக்க வச்சிருந்தோம். உனக்கு எறங்கிடுச்சு, தலைக்குத் தண்ணி ஊத்தினோம். அவளுக்கு ஊத்தல." அப்புறம், "சாப்டியா?" என்றாள்.

அக்கா இறந்தது எனக்குத் தெரியும். வீட்டில் அவள் படம் இருக்கிறது. அதே நோய் எனக்கும் வந்தது என்று யாரும் சொன்னதில்லை.

நாளைக்கு யாரோ எங்கள் இரண்டு பேரின் பற்களையும் தோண்டியெடுத்து மேசையில் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என் பல்லைப் பார்த்து, இவன் குழந்தையில் சீரழிந்தவன் என்று எழுதுவார்கள். அக்காவின் பல்லில் அந்த அம்மையின் கோடு இருக்காது. அது விழ, அவள் தேறியிருக்க வேண்டும். அந்த ஆராய்ச்சியாளர் பொய் சொல்ல மாட்டார், ஆனா எங்கள் வீட்டில் நடந்ததைத் தலைகீழாகப் படித்துவிடுவார்.

டிக்சன் மவுண்ட்ஸின் 50 சதவீதத்துக்குள்ளும் இப்படி எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? விவசாயம் அவர்களை நோயில் தள்ளியதா, நோயிலிருந்து சிலரையாவது தேற்றியதா? இரண்டும் நடந்திருக்கலாம். டயமண்டின் கட்டுரை இந்த இடத்தில் நிற்பதில்லை. நின்றிருந்தால் அப்படி ஒரு தலைப்பு கிடைத்திருக்காது, நானும் பத்து வருஷம் அதைச் சொல்லித் திரிந்திருக்க மாட்டேன்.

எனக்குப் பிடித்த சாட்சி பலுசிஸ்தானின் மெஹர்கரில் இருக்கிறது. 9,000 முதல் 7,500 வருஷங்களுக்கு முந்தைய விவசாயக் கிராமம் அது. ஒன்பது பேரின் பதினொரு கடைவாய்ப் பற்களில் சிக்கிமுக்கிக் கல்முனையால் துளை போட்டிருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் மணிகளில் துளை போடத் தெரிந்தவர்கள். துளையின் விளிம்புகள் தேய்ந்திருப்பதால், துளைத்த பிறகும் அவர்கள் உயிரோடிருந்து அந்தப் பல்லால் மென்றிருக்கிறார்கள் என்று தெரிகிறது. அந்தப் பற்களில் நான்கில் சொத்தையின் அறிகுறியும் இருக்கிறது. விவசாயம் தவறா சரியா என்ற கேள்விக்கு இந்தப் பற்கள் பதில் சொல்லாது. ஒருத்தர் வாயைத் திறந்து உட்கார்ந்தார், இன்னொருத்தர் கை நடுங்காமல் கல்லைச் சுழற்றினார் என்பதை மட்டும் சொல்லும். மரத்துப்போக ஊசி போட்டும் நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த முறை போனபோது, முன்பல் கோட்டைப் பூசி மறைத்துவிடலாம் சார், அரை மணி நேர வேலைதான் என்றார் டாக்டர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.