சிரித்தவர்கள் அழுதார்கள்!

நாற்பத்தேழு வயது என்று சொன்னார் அந்த அம்மையார். அரங்கம் சிரித்தது!

வயதைக் கேட்டவர் நடுவர், சொன்னவர் போட்டியாளர். கேட்டதற்கு விடை கிடைத்தது. இதிலே சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? நாற்பத்தேழு என்ற எண்ணுக்குள்ளே நகைச்சுவை ஏதேனும் ஒளிந்திருக்கிறதா? இல்லை. சிரிப்பை வரவழைத்தது எண் அல்ல. அந்த எண்ணைச் சுமந்து நின்ற உருவம். சீராக வாரப்படாத தலைமுடி, அடர்ந்த புருவம், பருத்த உடல், எந்தத் திருமணத்துக்கோ எப்போதோ வாங்கியது போன்ற வெளிர்பொன் நிற உடை, கூச்சம் கலந்த குறும்புப் பேச்சு. இவ்வளவும் ஒன்று சேர்ந்து நின்றதைக் கண்டவுடனே, இவளா பாடப்போகிறாள் என்று கண்ணாலேயே பேசிக்கொண்டனர் கூடியிருந்தோர். காது திறக்குமுன் கண் தீர்ப்பு வழங்கிவிட்டது!

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரம்; 2009ஆம் ஆண்டு சனவரித் திங்கள்; ‘பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்’ என்னும் தொலைக்காட்சித் திறன் போட்டியின் முதற்கட்டத் தேர்வு. மேடையில் நின்றவர் சூசன் பாயில். மணமாகாதவர், வேலையற்றவர், பூனை ஒன்றைத் துணையாகக் கொண்டு வாழ்ந்தவர். எதிரே மூன்று நடுவர்கள்: சைமன் கவல், அமண்டா ஹோல்டன், பியர்ஸ் மார்கன். என்ன கனவு என்று கேட்டனர். பாடகியாக வேண்டும் என்றார். யாரைப் போல என்றனர். இலண்டன் நாடக மேடையின் புகழ்பெற்ற பாடகி எலெய்ன் பேஜ் பெயரைச் சொன்னார். கூட்டத்திலே ஒரு பெண் முகத்தைச் சுளித்துக் கண்ணை உருட்டிய காட்சி, நிகழ்ச்சி ஒளிபரப்பான அந்த ஏப்ரல் 11ஆம் நாள் தொடங்கி உலகமெங்கும் போய்ச் சேர்ந்தது.

பிறகு பாடினார். முதல் அடி முடிவதற்குள் சிரிப்பு நின்றது. இரண்டாம் அடிக்குள் எழுந்து நின்று கைதட்டினர். பாட்டு முடிந்ததும் தீர்ப்பைக் கேட்கக்கூட நிற்காமல் மேடையை விட்டு நடக்கத் தொடங்கிய அம்மையாரைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. மூவரும் ஒப்புதல் தந்தனர். யூடியூபிலே கோடிக்கணக்கானோர் கண்டனர். கண்டவரெல்லாம் கண் கலங்கினர். ஏடுகளெல்லாம் ‘அற்புதம்’ என்று எழுதின.

அற்புதம்! இந்தச் சொல் காதில் விழுந்தவுடனே நமக்கு ஐயம் பிறந்துவிடும். படத்திலிருந்து திருநீறு கொட்டினாலும் சரி, தொலைக்காட்சியிலிருந்து தேன்குரல் கொட்டினாலும் சரி, திரைக்குப் பின்னே யார் நிற்கிறார் என்று எட்டிப் பார்ப்பது பகுத்தறிவாளர் கடமை. எட்டிப் பார்ப்போம்.

இத்தகைய போட்டிகளிலே தெருவில் போகிறவர் எவரும் நேரே நடுவர் முன் வந்து நின்றுவிடுவதில்லை. தயாரிப்பாளர்கள் முன்கூட்டியே கேட்டு, வடிகட்டி, இவரை அனுப்பலாம் என்று முடிவு செய்த பிறகே மேடை கிடைக்கிறது. அதாவது, அம்மையாருக்குக் குரல் உண்டு என்பது நிகழ்ச்சியை நடத்தியவர்களுக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அவர் வரும்போது கோமாளிக்குரிய இசையைப் பின்னணியாக ஓடவிட்டனர். சனவரியில் பதிவு செய்ததை ஏப்ரலில் காட்டினர். இடைப்பட்ட காலத்தில் வெட்டினர், ஒட்டினர், முகச்சுளிப்புகளைப் பொறுக்கினர், ஏற்ற இடத்திலே பதித்தனர். வீட்டிலே அமர்ந்து பார்த்தவருக்குச் சிரிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள், பிறகு அந்தச் சிரிப்புக்காக வெட்கப்படவும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டுக்கும் நடுவே விளம்பரம்!

புதிய வித்தையும் அல்ல இது. இரண்டே ஆண்டுகளுக்கு முன், 2007இல், இதே மேடைக்குக் கைப்பேசி விற்பனையாளர் பால் பாட்ஸ் வந்தார். கோணல் பல், மலிவான கோட்டு, நம்பிக்கையற்ற முகம். வாய் திறந்தார், புச்சீனியின் இசை நாடகப் பாடல் பொழிந்தது, அன்றும் அதே வியப்பு, அதே கண்ணீர். அவர் இத்தாலிக்குச் சென்று இசை பயின்றவர், இசை நாடகக் குழுவில் நடித்தவர் என்பது பிறகுதான் பேசப்பட்டது. ஒரு முறை வியந்த நடுவர்கள் மறுமுறையும் அதேபோல் வியந்தார்கள் என்றால், அவர்கள் மறதிக்காரர்களா, நடிகர்களா? நடுவருள் தலையாயவரான கவலின் நிறுவனமே நிகழ்ச்சியைத் தயாரிப்பதில் பங்கு கொண்டது. அந்த நிறுவனமே பின்னர் அம்மையாரின் இசைத்தட்டையும் வெளியிட்டது. நீதிபதியே கடைக்காரராகவும் இருக்கும் மன்றம் இது என்பதை நம் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சூசன் பாயிலும் வானத்திலிருந்து குதித்தவரல்லர். எடின்பரோவுக்கு மேற்கே, மேற்கு லோதியன் பகுதியிலுள்ள பிளாக்பர்ன் என்ற தொழிலாளர் ஊரிலே வளர்ந்தவர். நிலக்கரியும் தொழிற்சாலையும் வாழ்வளித்த வட்டாரம் அது. பக்கத்துப் பாத்கேட்டின் பெரிய சரக்குந்து ஆலை 1986இல் மூடப்பட்டது. பள்ளியிலே மந்தமானவள் என்று முத்திரை குத்தப்பட்டு, உடன்பயின்றோரின் கேலிக்கு ஆளானவர். அந்த முத்திரையே தவறு, அவருக்கு இருப்பது ஆஸ்பெர்கர் நிலை என்று மருத்துவர் கண்டறிந்ததை 2013இல்தான் அவர் வெளியே சொன்னார். முறையாகக் குரற்பயிற்சி பெற்றார். ஆலயத்தில் பாடினார், ஊர் விடுதிகளில் பாடினார். 1999இல் அறப்பணிக்காக வெளியான ஒரு குறுந்தட்டுக்கு ஒரு பாடல் பாடித் தந்தார். முதிய தாயாரைக் கடைசிவரை பேணினார். 2007இல் தாயார் மறைந்தார். இத்தனை ஆண்டு உழைப்பை ஒரு நொடியிலே துடைத்தெறிந்துவிட்டு, ‘அற்புதம்’ என்று பெயர் சூட்டுவது பாராட்டா, பறிமுதலா?

பாட்டுக்கு வருவோம், விமர்சனம் என்று பெயர் வைத்துவிட்டுப் பாட்டைப் பற்றிப் பேசாமல் போவது முறையன்று. நல்ல குரல்தான், மறுப்பதற்கில்லை. சொற்கள் தெளிவாக விழுகின்றன. தாழ்ந்த இடத்திலே தொடங்கி, அவசரமின்றி ஏறி, உச்சத்தை எட்டும்போது கத்தலாக மாறாமல் திறந்த தொண்டையோடு நிற்கிறது. தேர்ந்த மேடைப் பாடகியரிடம் காணும் நுட்பமான ஏற்ற இறக்கம் அவ்வளவாக இல்லை; துயரத்தை உள்ளே வைத்து மெல்லக் கசிய விடுவதற்குப் பதில், நேராக நின்று நிமிர்ந்து சொல்லிவிடுகிறார். அதுவே இங்கே பொருந்தியது. ஆனால் அன்றைய பதிவை வைத்து இதற்குமேல் நுணுக்கமாக எடை போட இயலாது. ஏன்? கூட்டம் கேட்கவிடவில்லை! முதலில் ஏளனத்தால் கேட்க மறுத்தவர்கள், பிறகு ஆரவாரத்தால் கேட்க மறுத்தார்கள். பாட்டின் பெரும்பகுதி கைதட்டலுக்கு அடியிலே புதைந்து கிடக்கிறது.

பாடிய பாடல் எது? ‘ஐ ட்ரீம்ட் எ ட்ரீம்’. விக்டர் யூகோ 1862இல் வெளியிட்ட ‘லே மிசராப்ள’ பெருநாவலின் இசை நாடக வடிவிலிருந்து எடுத்தது. சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்று தமிழில் தந்த அதே கதை. 1950இல் நாகையா நடிக்கத் திரைப்படமாகவும் வந்தது. அந்தக் கதையிலே ஃபாண்டீன் என்றொரு பெண். மணமாகாமல் தாயானவள் என்று ஊர்வாய் மெல்லுகிறது, ஆலையிலிருந்து துரத்துகிறார்கள், குழந்தைக்குப் பணம் அனுப்ப வேண்டிக் கூந்தலை விற்கிறாள், பல்லை விற்கிறாள், முடிவில் தன்னையே விற்கிறாள். வேலையிழந்து நிற்கும்போது அவள் பாடுவதாக அமைந்ததுதான் இப்பாடல். ஊரார் சிரிப்பால் உயிர் பறிக்கப்பட்ட ஒருத்தியின் குரல்! அதைப் பாட வந்த ஒருத்தியைப் பார்த்து ஊரார் சிரித்தனர். பாடக் கேட்டதும் அழுதனர். ஃபாண்டீனுக்காக அழுத கண்களுக்கு, ஃபாண்டீனின் ஊரார் வேடத்தைச் சற்று முன்புவரை தாங்களே தாங்கியிருந்தது தெரிந்ததா? யூகோ உயிரோடிருந்து இந்தக் காட்சியைக் கண்டிருந்தால், இன்னோர் அத்தியாயம் எழுதியிருப்பார்.

தெரிந்துகொண்டோம் என்று கூறியவர் ஹோல்டன். அனைவரும் எதிராக இருந்தோம், நம்மை உலுக்கி எழுப்பிவிட்டீர்கள் என்ற பொருளிலே மேடையிலேயே பேசினார். நேர்மையான பேச்சு என்றே கொள்வோம். எனினும் நம் உள்ளத்தை விட்டகலாத கேள்வி வேறு. அம்மையார் அன்று மோசமாகப் பாடியிருந்தால்? குரல் உடைந்திருந்தால்? அப்போது அந்தச் சிரிப்பு நியாயமாகிவிட்டிருக்குமா? ஆகிவிட்டிருக்கும்! ஒருவரும் வெட்கப்பட்டிருக்கமாட்டார்கள். அதே பருவத்திலே, அதே மேடைகளிலே, அதே போன்ற ஏளனத்தோடு வரவேற்கப்பட்டு, பாடத் தெரியாததால் ஏளனத்தோடேயே திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர்! அவர்களுக்காக எந்த ஏடு கண்ணீர் வடித்தது? மதிப்போடு நடத்தப்படுவதற்கு ஏழைப் பெண்ணொருத்தி முதலில் மதுரக் குரலைக் காட்டியாக வேண்டும் என்பது என்ன நீதி? அழகுள்ளவளுக்கு இந்த நிபந்தனை இல்லை, செல்வமுள்ளவளுக்கு இல்லை, இளமையுள்ளவளுக்கு இல்லை. பாமரப் பெண்ணுக்கு மட்டும் வாயிற்படியிலே சுங்கம்!

அந்தச் சுங்கமும் ஒரு முறை கட்டினால் தீர்வதன்று. மே 24ஆம் நாள் அரையிறுதி. ‘கேட்ஸ்’ நாடகத்தின் ‘மெமரி’ பாடலை எடுத்தார். தொடக்கத்திலே குரல் தடுமாறியது. போகப் போக நிலைபெற்றது. இறுதிச் சுற்றுக்கும் சென்றார். ஆனால் தேவதை என்று கொண்டாடிய ஏடுகள் அதற்குள் அவர் தெருவிலே கோபப்பட்டாரா, விடுதியிலே சத்தமிட்டாரா என்று தோண்டத் தொடங்கிவிட்டன. மே 30 இறுதிச் சுற்று. முதலில் பாடிய பாடலையே மீண்டும் பாடினார். அதிலே குரல் முன்னைவிடத் தெளிவு. ஆனால் முதல் நாள் இருந்த துள்ளல் இல்லை, கடமையைச் செய்து முடிக்கும் முகம். டைவர்சிட்டி என்ற இளைஞர் நடனக் குழு வென்றது. தகுதியோடு வென்றது என்பதே நம் கருத்து. எண்ணிச் செதுக்கிய அசைவும் கட்டுக்கோப்பும் கொண்ட ஆட்டம் அது. அம்மையார் இரண்டாமிடம். வென்றவர்களை மேடையிலேயே மனமார வாழ்த்தினார். மறுநாள், களைப்பும் மனச்சோர்வும் மேலிட, இலண்டனிலுள்ள பிரயரி மருத்துவமனையிலே சேர்க்கப்பட்டார்.

ஏழே வாரம்! கேலியிலிருந்து கோபுரத்துக்கும், கோபுரத்திலிருந்து மருத்துவமனைக்கும். ஒளிபரப்பு நிறுவனம் போட்டியாளரின் மனநலத்தைக் காக்கக் கடமைப்பட்டதா என்ற வாதம் அப்போது பிரிட்டனிலே எழுந்தது. நிகழ்ச்சிகளில் பங்கு கொள்வோரின் நலனைப் பேணவேண்டும் என்ற தெளிவான விதிகளை அந்நாட்டு ஒளிபரப்புக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்காம் நடைமுறைக்குக் கொண்டுவந்தது 2021இல். பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின.

அம்மையார் மீண்டு வந்தார் என்பதும் சொல்லப்பட வேண்டியதே. 2009 நவம்பரிலே வெளியான அவருடைய முதல் தொகுப்பு பிரிட்டனில் முதல் வாரத்திலேயே 4 இலட்சத்துக்கும் மேல் விற்றது. அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அத்தொகுப்பிலே ‘கிரை மீ எ ரிவர்’ என்ற பாடலும் உண்டு. பத்தாண்டுக்கு முன் அறப்பணிக் குறுந்தட்டுக்காக அவர் பாடித் தந்த அதே பாடல். நம்மைக் கேட்டால், தோழர்கள் முதலில் தேடிக் கேட்க வேண்டியது கிளாஸ்கோக் காட்சியை அல்ல, அந்த 1999ஆம் ஆண்டுப் பதிவையே என்போம். முகச்சுளிப்பு இல்லை, ஆரவாரம் இல்லை, நடுவர் இல்லை. மங்கலான தாழ்குரலில், ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானித்து, ஏமாற்றிச் சென்றவனை நோக்கி ஏங்காமல் கணக்குக் கேட்கும் தொனியில் பாடுகிறார். பிற்காலத் தொகுப்பின் பெரிய வாத்தியக் குழுவும் மெருகும் இதிலே இல்லை. குரல் மட்டும் முழுதாகக் கேட்கிறது. வயது அப்போது முப்பத்தேழு முப்பத்தெட்டு இருக்கும். அந்தத் தட்டு ஆயிரம் படிகளே அச்சாயிற்று.