களரியும் மாதிரிச் சபையும்

ஐக்கிய நாடுகள் சபையைப் பின்பற்றி மாணவர் நடத்தும் மாதிரிச் சபை விவாதங்களை நாடகத்தின் ஒரு வகையாகக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். தமதல்லாத ஒரு நாட்டின் நியாயத்தைத் தம் நாவாற் பேசுதலே அங்கு மாணவரின் பணி. மட்டக்களப்பு வாவிக்கரைக்கு இது புதிதன்று. வட்டக்களரியில் துரியோதனன் வேடம் பூண்டவன், தருமன்பால் மனஞ் சாய்ந்தவனாயினும், வரவு தொட்டுத் துரியோதனனாகவே ஆடுவான். அண்ணாவியார் அதிற் குறையேதும் பொறார்.

மாதிரிச் சபையில் இக்கண்டிப்பு அருகியே காணப்படுகிறது. ஏற்ற நாட்டின் வரலாற்றைவிட ஆங்கில உச்சரிப்பும் கழுத்துப்பட்டியுமே முதன்மை பெறுகின்றன. (கழுத்துப்பட்டி வடமோடிக் கரப்புடுப்பினும் பாரங் குறைந்தது என்பது உண்மையே.) மெய்யான பொதுச்சபையோ, நடைமுறை விதி 53இன்படி, தன் ஆறு மொழிகளுக்குப் புறம்பான மொழியிலும் பேச இடமளிக்கிறது, மொழிபெயர்ப்புக்குப் பேசுவோரே ஒழுங்குசெய்தல் வேண்டும், அவ்வளவே. 1977இல் வாஜ்பாய் அங்கு இந்தியில் உரையாற்றினார். மெய்ச்சபை மறுக்காததை அதன் பாவனை மறுப்பது விந்தையே.

விவாதப் பொருளைத் தொலைவில் தேடவும் வேண்டியதில்லை. 1973இல் தொடங்கிய மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்கு, 1980இல் மறையும்வரை, தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க. 1982ஆம் ஆண்டுச் சமவாயம் ஏற்ற 200 கடல்மைல் பொருளாதார வலயத்தைத் தொடக்கத்தில் யப்பான் எதிர்த்து நின்றது. கல்லாறு, வாழைச்சேனை மாணவர் அம்மாநாட்டைத் தமிழில் மீள நிகழ்த்துவராயின், யப்பானின் பிரதிநிதியாக அமர்பவர் தம் தந்தையின் வலைக்கு எதிராகவே வாதிட வேண்டிவரும்.