காங்னுங்கின் கடைசி வளைவு

2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி இரவு, கொரியாவின் கிழக்குக் கடற்கரையிலுள்ள காங்னுங் நகரத்துப் பனியரங்கில், சொந்த நாட்டு ஜனங்கள் எழுப்பிய பெருங்கோஷத்துக்கு நடுவே புறப்பட்ட லீ சாங்-ஹ்வா முதல் 100 மீட்டரை 10.20 விநாடியில் கடந்தபோது, ஒலிம்பிக் 500 மீட்டர் ஸ்கேட்டிங்கில் மூன்றாம் முறையும் தங்கம் அவருக்கே என்று அரங்கம் நம்பியிருக்க வேண்டும். சற்று முன்னர் 36.94 விநாடியில் ஒலிம்பிக் சாதனை படைத்திருந்த ஜப்பானின் நாவோ கோடைராவைவிட அந்த இடத்தில் அவர் முந்தியே இருந்தார். ஆனால் கடைசி வளைவில் கால் ஒரு க்ஷணம் பிசகிற்று. 37.33 விநாடி, வெள்ளிப் பதக்கம்.

அந்த வெள்ளியை ஒரு வீழ்ச்சியின் அடையாளமாகக் கருதுவோர் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. அவருடைய பந்தய வாழ்க்கையிலேயே உயர்ந்த ஓட்டம் எது என்று என்னைக் கேட்டால், இரண்டு தங்கங்களையும் தாண்டி இந்த வெள்ளியைத்தான் காட்டுவேன்.

இந்தப் பந்தயத்தின் தன்மையைச் சற்று விளக்கிவிட வேண்டும். 400 மீட்டர் சுற்றளவுள்ள நீள்வட்டத் தடத்தில் இருவர் இருவராக ஓடுகிறார்கள். ஒருவர் உள்தடத்தில், மற்றவர் வெளித்தடத்தில் தொடங்கி, எதிர்ப்பக்கத்து நேர்பாதையில் தடம் மாறிக்கொள்கிறார்கள். ஆகவே ஒருவருக்குக் கடைசி வளைவு குறுகலான உள்வளைவாகவும் மற்றவருக்கு அகன்ற வெளிவளைவாகவும் அமையும். மணிக்கு 50 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில், களைத்த கால்களோடு வளைவுக்குள் நுழைகிறவரை அந்த வேகமே வெளியே தள்ளப் பார்க்கும். இந்த ஏற்றத்தாழ்வைச் சமன்செய்வதற்காகவே 1998 முதல் 2014 வரை ஒவ்வொருவரும் தடம் மாற்றி இரண்டு முறை ஓடி, இரண்டு நேரங்களையும் கூட்டி முடிவு சொல்லப்பட்டது. 2018-இல் ஒரே ஓட்டமாகக் குறைத்தார்கள். ஒரு பிசகைத் திருத்திக்கொள்ள இரண்டாம் சந்தர்ப்பம் என்பதே இல்லாமற்போனது நியாயமான ஏற்பாடாக எனக்குத் தோன்றவில்லை.

லீ 1989-இல் சியோலில் பிறந்தவர். அண்ணனைப் பார்த்துப் பனியில் இறங்கிய அந்தச் சிறுமிக்காக, இரு பிள்ளைகளின் செலவையும் தாங்க இயலாத குடும்பத்தில் அண்ணன் விளையாட்டையே விட்டுக்கொடுத்தார். கொரியர்கள் குறுந்தட ஸ்கேட்டிங்கில் கியாதி பெற்றவர்களாயினும், இந்த 400 மீட்டர் நெடுந்தடத்தில் அவர்களுக்கு 2006 வரை ஒலிம்பிக்கில் கிட்டியவை மிக அற்பம்: 1992-இல் கிம் யூன்-மான் 1,000 மீட்டரில் விநாடியின் நூற்றில் ஒரு பங்கில் தங்கத்தை இழந்து பெற்ற வெள்ளியும், 2006-இல் லீ காங்-சோக் பெற்ற வெண்கலமுமே. அந்த 2006 தூரின் ஒலிம்பிக்கில், 17 வயதுகூட நிரம்பாத லீ சாங்-ஹ்வா ஐந்தாவதாக வந்தார்.

நான்கு ஆண்டுகளுக்குப் பின் வான்கூவரில் அவருக்கு எதிரே நின்றவர் அந்நாளைய உலக சாதனையாளரான ஜெர்மனியின் யென்னி வுல்ஃப். முதல் ஓட்டத்தில் லீ 38.24 விநாடியில் முந்த, இரண்டாவதில் வுல்ஃப் மயிரிழை மேலாக ஓடினார்; கூட்டிப் பார்த்தபோது லீயின் 76.09-க்கு வுல்ஃபின் 76.14. இரண்டு ஓட்டங்களும் சேர்ந்த 1,000 மீட்டரில் இருவருக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ ஒன்றரை முழ தூரம். முந்தின நாள்தான் அவருடைய பல்கலைக்கழகத் தோழர் மோ தே-பம் ஆண்கள் 500 மீட்டரில் தங்கம் வென்றிருந்தார். நெடுந்தடத்தில் ஒலிம்பிக் தங்கமே அறியாத கொரியாவுக்கு இரண்டு நாட்களில் இரண்டு.

வென்றபின் அவர் நின்றுவிடவில்லை என்பதுதான் விசேஷம். கனடியப் பயிற்சியாளர் கெவின் க்ராக்கெட்டின் கண்காணிப்பில் பயின்று, 2013 ஜனவரியில் கால்கரியில் 36.80 என்ற உலக சாதனையை நிறுவினார். அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் தேதி அதே இடத்தில் 36.74, 15-ஆம் தேதி சால்ட் லேக் சிட்டியில் 36.57, மறுநாளே 36.36. எட்டே நாட்களில் மூன்று முறை தம் சாதனையைத் தாமே முறியடித்தவரின் அந்தக் கடைசி எண்ணை 2025 வரை, பத்தாண்டுகளுக்கும் மேலாக, உலகில் எவராலும் தொட முடியவில்லை. இவ்விரு நகரங்களும் உயரமான பிரதேசங்கள், அங்கே காற்று லேசானது, நேரம் குறைவது இயல்பு என்பது வாஸ்தவமே. ஆனால் அதே காற்றில் ஓடிய மற்றவர்கள் ஏன் அவ்வளவு தூரம் போகவில்லை என்பதையும் யோசிக்க வேண்டும். கடல்மட்டத்தில் அமைந்த சோச்சியிலும் அவர் 2014-இல் 37.42, 37.28 என்று ஓடி, ரஷ்யாவின் ஓல்கா ஃபத்குலினாவைவிட 0.36 விநாடி முன்னதாகத் தங்கத்தைத் தக்கவைத்துக்கொண்டார். அவருக்கு முன் இப்பந்தயத்தில் தங்கத்தைத் தக்கவைத்த பெண்கள் பானி பிளேர், காட்ரியோனா லெ மே டோன் ஆகிய இருவர் மட்டுமே.

அதன்பின் வந்தவை உபாதையின் வருஷங்கள். நெடுநாளாகத் தொல்லை கொடுத்த இடது முழங்கால் மேலும் நைந்தது. 2017-இல் கெண்டைக்காலில் நரம்புச் சுருட்டலுக்கு அறுவைச் சிகிச்சையும் செய்துகொள்ள நேர்ந்தது. இதற்கிடையே, சோச்சியில் ஐந்தாவதாக வந்த கோடைரா நெதர்லாந்துக்குச் சென்று அங்கே பயின்று, முற்றிலும் வேறொரு வீராங்கனையாகத் திரும்பியிருந்தார்.

இப்போது காங்னுங்கின் 37.33-ஐ மீண்டும் பாருங்கள். அதுவும் கடலோரத் தடம். சோச்சியில் தங்கம் தந்த முதல் ஓட்டத்தைவிட இது வேகமானது, இரண்டாவதைவிட 0.05 விநாடியே தாமதம். வான்கூவரில் தங்கத்தையும் வெள்ளியையும் பிரித்தது எத்தனையோ, அத்தனையே. தேய்ந்த முழங்காலோடு, 29 வயதை எட்டும் தறுவாயில், ஒரு வளைவில் பிசகியும், தம் உன்னதக் காலத்து நேரத்தையே அவர் திரும்ப ஓடிக் காட்டினார். லீ தாழவில்லை; கோடைரா உயர்ந்தார். வளைவில் பிசகாதிருந்தாலும் 0.39 விநாடியை மீட்டிருக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

தம் ஓட்டம் முடிந்ததும் ஆரவாரித்த ஜப்பானிய ரசிகர்களை, லீ புறப்படவிருக்கிறார் என்று விரலை உதட்டில் வைத்து அமைதிப்படுத்தியவர் கோடைராதான். பந்தயம் முடிந்து லீ அழுதபோது அவரைத் தழுவிக்கொண்டு, இரு கொடிகளும் அருகருகே அசைய, உடன் சறுக்கி வந்தார். 2014-இல் சியோலில் முதன்முறையாக உலகக் கோப்பைப் பந்தயத்தை வென்று அவசரமாக விமான நிலையம் செல்லவேண்டியிருந்த கோடைராவுக்கு, தோற்றிருந்த லீயே டாக்ஸிக்குப் பணம் கொடுத்து அனுப்பினார். அதைக் கோடைரா மறக்கவில்லை.

2019 மே மாதத்தில், முழங்கால் இனி இடங்கொடாது என்று லீ ஓய்வுபெற்றார். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கேபிஎஸ் தொலைக்காட்சியின் வர்ணனையாளராக அமர்ந்திருந்தபோது, அதே 500 மீட்டரில் கோடைரா பதினேழாவதாக வந்ததைக் கண்டு, வர்ணனையைத் தொடர இயலாமல் அவர் கண்ணீர் விட்டார்.