ராஜாவின் மௌனம்

ஒரு கதையைக் கேட்டவர்கள் அதன் சம்பவங்களுக்கு வருஷம் குறித்து, பாத்திரங்களுக்கு வம்சாவளி எழுதி, ஒத்துவராத இடங்களில் தங்களுக்குள் சண்டை போடுவதை நம் விமர்சகர்கள் இலக்கியத்துக்கு வெளியே நடக்கும் காரியமாகவே பார்த்து வந்திருக்கிறார்கள். அது பௌராணிகர்களும் சரித்திர நாவல் வாசகர்களும் செய்கிற வேலை என்ற அலட்சியம் நம்மிடம் உண்டு. இந்த அலட்சியம் சரியல்ல என்று எனக்குத் தோன்றுகிறது. நான் எடுத்துக்கொள்ளும் உதாரணமோ நம்மில் பலருக்கு இன்னும் பெரிய அலட்சியத்தைத் தரக்கூடியது: ஜப்பானியக் கம்பெனி ஒன்று தயாரித்த, இரத்தக் காட்டேரி பற்றிய வீடியோ விளையாட்டு வரிசை.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் போகும் காலை பஸ்ஸில் இந்த விளையாட்டை ஆடி வளர்ந்த நாலைந்து இளைஞர்கள் வருகிறார்கள். மில்லிலும் கடைகளிலும் வேலை பார்ப்பவர்கள். நான் கிளைக்குப் போய்ச் சேருகிற வரையில் அவர்கள் தர்க்கம் ஓயாது. பல மாதங்களாக அது சுற்றிச் சுற்றி வந்து நிற்கிற கேள்வி இது: சோனியா பெல்மாண்ட் என்று ஒருத்தி இருந்தாளா, இல்லையா?

விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கோனாமி கம்பெனி 1986-ல் வெளியிட்ட 'காஸில்வேனியா'வில் கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டிராக்குலா உயிர்த்தெழுகிறான், பெல்மாண்ட் வம்சத்தான் ஒருவன் சாட்டையோடு கோட்டைக்குள் போய் அவனைக் கொல்கிறான். நடக்கும் வருஷம் 1691, நாயகன் பெயர் சைமன். 1989-ல் வந்த மூன்றாவது ஆட்டம் பின்னோக்கி 1476-க்குப் போய் சைமனின் முன்னோனைக் காட்டுகிறது. ஆங்கிலப் பதிப்பில் அவன் டிரெவர். ஜப்பானியப் பதிப்பில் ரால்ஃப். 1994-ல் வந்தது 1917-ல் நடக்கிறது. அதன் நாயகர்களில் ஒருவன், பிராம் ஸ்டோக்கரின் நாவலில் டிராக்குலாவைக் குத்திவிட்டுச் சாகிற குவின்ஸி மோரிஸின் மகன். நாவலில் அந்த குவின்ஸிக்குக் கல்யாணம் ஆனதாகச் சேதியே இல்லை. 1997-ல் வந்த ஒன்றில் டிராக்குலாவின் மகனே நாயகன். பெயர் அலுகார்ட், தகப்பன் பெயரை ஆங்கில எழுத்தில் திருப்பிப் போட்டது.

அதே 1997-ல், கையடக்கமான கேம் பாய் கருவிக்காக 'லெஜண்ட்ஸ்' என்ற சிறிய ஆட்டம் வந்தது. காலம் 1450. டிராக்குலாவை முதன்முதலில் எதிர்த்து நின்ற பெல்மாண்ட் ஒரு பெண் என்கிறது அது. அவள்தான் சோனியா. அவளுக்கும் அலுகார்டுக்கும் நடுவே அன்பு இருக்கிறது. முடிவில் அவளுக்கு ஒரு குழந்தை. தகப்பன் யார் என்று வெளிப்படையாகச் சொல்லாமல் கோடி காட்டி விடுகிறார்கள். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால், பின்னால் வரும் பெல்மாண்டுகள் எல்லோருடைய உடம்பிலும் ஓடுவது டிராக்குலாவின் இரத்தம். தலைமுறை தலைமுறையாக அவர்கள் கொன்று வந்தது தங்கள் பாட்டனை.

ஆனால் வரிசையின் தயாரிப்பாளராக வந்த கோஜி இகராஷி வகுத்த கால அட்டவணையில் சோனியாவுக்கு இடம் இல்லாமல் போயிற்று. 2003-ல் வந்த ஆட்டத்தில் கதை 1094-ல் தொடங்குகிறது. முதல் பெல்மாண்ட் லியான் என்ற ஆண்பிள்ளை. டிராக்குலாவாக மாறுகிறவன் அவனுடைய சிநேகிதன் மத்தியாஸ். சிக்கல் தீர்ந்தது. சோனியாவும் தீர்ந்தாள்.

பஸ்ஸில் இரண்டு கட்சி. உடையவன் சொன்னதுதான் கதை, அவன் இல்லையென்றால் இல்லை என்பது முதல் கட்சி. நான் ஆடினேன், அவளோடு கோட்டை முழுவதும் ஏறி இறங்கினேன், ஆடியதை ஆடவில்லை என்று யார் சொல்ல முடியும் என்பது இரண்டாவது கட்சி. கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும் இந்த வழக்கில் இலக்கிய விமர்சனத்தின் அடிப்படையான கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. ஒரு படைப்பு இருக்கிறது என்பதற்கு எது அத்தாட்சி? படைத்தவனின் ஒப்புதலா, பெற்றுக்கொண்டவனின் அனுபவமா?

முதல் கட்சியில் யாரும் யோசித்துப் பார்க்காத ஒரு சங்கதி உண்டு. சூரிய வெளிச்சம் பட்டால் காட்டேரி அழியும் என்பது அவர்கள் வேதமாகக் கொள்கிற விதி. ஸ்டோக்கரின் 1897-ம் வருஷ நாவலில் இந்த விதி கிடையாது. அங்கே டிராக்குலா லண்டன் தெருவில் பகலில் நடமாடுகிறான். பலம் குறைந்திருக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தில் கரைந்து போகிற காட்டேரி 1922-ல் முர்னோ எடுத்த ஜெர்மானிய மௌனப்படமான 'நோஸ்ஃபெராட்டு'விலிருந்து வந்தவன். அந்தப் படம் அனுமதியில்லாமல் எடுக்கப்பட்டது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, 1925-ல் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி தீர்ப்பும் வாங்கினார். சில பிரதிகள் தப்பிவிட்டன. சட்டப்படி இல்லாமல் போன படைப்பு, பின்னால் வந்த அத்தனை காட்டேரிக் கதைகளுக்கும் விதி எழுதிக் கொடுத்திருக்கிறது. உடையவனின் ஒப்புதலுக்கு மேல் அந்தப் படத்துக்கு ஏதோ இருந்திருக்கிறது. அதைத்தான் சோனியா கட்சிக்காரர்கள் தங்களுக்குத் தெரிந்த பாஷையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இகராஷிக்கு மாற்றும் உரிமை கிடையாது என்று நான் சொல்லவில்லை. கம்பன் மாற்றவில்லையா? வான்மீகத்தில் ராவணன் சீதையைத் தொட்டுத் தூக்குகிறான்; கம்பனில் பர்ணசாலையோடு மண்ணைப் பெயர்த்து எடுக்கிறான். இரண்டில் எது 'நிஜமாக' நடந்தது என்று தமிழ் வாசகன் எவனும் கேட்டுக் கொண்டிருக்கவில்லை. இரண்டும் நிற்கின்றன. கம்பன் தன் காவியத்தை எழுதினானே தவிர, வான்மீகத்தை அட்டவணையிலிருந்து எடுத்துவிடச் சொல்லவில்லை. மாற்றி எழுதுவது படைப்பாளியின் காரியம். முன்னது இல்லை என்று அறிவிப்பது சொத்துக்காரனின் காரியம். இகராஷி இரண்டையும் ஒரே மூச்சில் செய்ததில்தான் கோளாறு.

இந்த அட்டவணை மோகம் எங்கிருந்து வருகிறது? கதைகளில் கணக்கு நேராக வேண்டும் என்ற ஆசை நமக்கும் பழையதுதான். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையில் ராஜாவுக்கு ஆயிரம் வருஷம் ஆட்சி, மந்திரி பட்டிக்கு இரண்டாயிரம் வருஷம் ஆயுள் என்று வரம் கிடைத்து விடுகிறது. கணக்கு இடிக்கிறது. பட்டி வழி சொல்கிறான்: நாடாறு மாதம், காடாறு மாதம். ஆயிரம் இரண்டாயிரமாகி விடுகிறது. எந்த கிளார்க்கும் சந்தோஷப்படுகிற யுக்தி. இதில் வரம் எதுவும் ரத்தாகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இடித்த இரண்டையும் வைத்துக்கொண்டே கதை நடுவில் ஒரு காட்டைக் கண்டுபிடித்துக் கொண்டது.

ஆனால் எல்லாச் சிக்கலுக்கும் பட்டி வழி சொல்லிவிட முடியாது. அதே ராஜாவின் தோளில் ஏறிய வேதாளத்துக்கு இது தெரியும். 1870-ல் ரிச்சர்ட் பர்ட்டன் அந்தக் கதைகளில் சிலவற்றை ஆங்கிலத்தில் எழுதியபோது வேதாளத்துக்கு 'வாம்பயர்' என்று பெயர் வைத்துவிட்டார். பொருந்தாத பெயர். பர்ட்டனின் பெயரால் உறவுக்காரர்களாகிவிட்ட இந்த இரண்டு பிணங்களில் ஒன்று கழுத்தைக் கடிக்கிறது. மற்றது கேள்வி கேட்கிறது. சோமதேவரின் கதாசரித்சாகரத்தில் வேதாளம் கேட்கும் கடைசிக் கேள்வி உறவுமுறை பற்றியது. ஒரு தகப்பனும் மகனும் காட்டில் இரண்டு பெண்களின் காலடித் தடத்தைப் பார்க்கிறார்கள். பெரிய தடத்துக்காரியைத் தகப்பனும் சின்னத் தடத்துக்காரியை மகனும் கட்டிக்கொள்வதென்று பேசிக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தால் அவர்கள் தாயும் மகளும். பெரிய பாதம் மகளுக்கு. பேச்சு பேச்சுதான். மகளைத் தகப்பன் மணக்கிறான், தாயை மகன் மணக்கிறான். இரண்டு ஜோடிக்கும் பிள்ளைகள் பிறக்கின்றன. அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன முறை?

ராஜா வாய் திறக்கவில்லை. அதுவரை ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்லி, ஒவ்வொரு முறையும் வேதாளத்தை மரத்துக்கு அனுப்பியவன், இந்த இடத்தில் பிணத்தைச் சுமந்துகொண்டு பேசாமல் நடக்கிறான். வேதாளம் சந்தோஷப்பட்டு, அவனைப் பலி கொடுக்கக் காத்திருக்கும் சந்நியாசியின் சூதைச் சொல்லிக் கொடுக்கிறது. ராஜாவின் உயிரைக் காப்பாற்றியது அவனுடைய மௌனம். அந்தப் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். அவர்களுக்குள் உறவு இருக்கிறது. அதற்குச் சொல் மட்டும் இல்லை. சொல் இல்லை என்பதற்காகப் பிள்ளைகளில் ஒன்றைப் பிறக்கவில்லை என்று அவன் அறிவிக்கவில்லை.

தன் பிள்ளை வழியாகக் கொலைகாரனையும் கொலையுண்டவனையும் பாட்டன் பேரன் ஆக்குகிற சோனியாவின் கதை இந்தக் கேள்விக்கு எவ்வளவு நெருக்கமானது! அந்த வரிசை முழுவதிலும் எனக்கு ஆழமாகப் பட்ட இடம் இது. அதைத்தான் அட்டவணை முதலில் வெட்டியிருக்கிறது.

தொடர்கதையின் வியாபாரம் மௌனத்தைத் தாங்காது என்பதையும் சொல்ல வேண்டும். சோமதேவரின் வேதாளத்துக்கு இருபத்தைந்து கதையோடு வேலை முடிந்தது. 1947-ல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் அது பல பத்தாண்டுகள் புதுப்புதுக் கதையாகச் சொல்லிக்கொண்டே வந்தது. சங்கர் வரைந்த படத்தில் ராஜா வாளோடும் பிணத்தோடும் மாதா மாதம் நடந்தார். மாதா மாதம் பதில் சொன்னார். சொல்லாமல் இருந்தால் அடுத்த இதழ் கிடையாது. டிராக்குலா திரும்பத் திரும்ப எழுவதற்கும் இதுவே காரணம். ஆச்சரியம் என்னவென்றால், அவன் கடைசியாக ஒழிந்ததாகச் சொல்லப்படும் 1999-ம் வருஷப் போரை அந்த வரிசை ஆட்டமாகத் தரவே இல்லை. ஜூலியஸ் பெல்மாண்ட் அதை முடித்தான் என்று, 2035-ல் நடக்கும் பின்கதையில் வாய்வார்த்தையாக வருகிறது. பஸ் இளைஞர்களுக்கு இது பெரிய மனக்குறை. எனக்கென்னவோ அந்த வரிசை ராஜாவைப் போல நடந்துகொண்ட ஒரே இடம் அதுதான் என்று படுகிறது.

இடைவெளியை நிரப்பவே கூடாது என்பதல்ல. எப்படி நிரப்புவது என்பதற்கு இந்த பஸ் புறப்படுகிற ஊரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரரான பெரியாழ்வாரின் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை செய்த வியாக்கியானத்தில் பெரும்பகுதி தொலைந்து போயிற்று. பின்னால் வந்த மணவாள மாமுனிகள் முழுவதற்கும் புதிதாக எழுதியிருக்கலாம். எழுதவில்லை. தொலைந்த பகுதிக்கு மட்டும் எழுதி, பழைய உரை மிஞ்சியிருந்த சொல்லில் வந்து நிறுத்திக்கொண்டார் என்பது மரபு. நம்பிக்கையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் இது ஒரு எழுத்துத் தர்மம். எனக்கு முன்னால் ஒருவன் எழுதியது இருக்கிறது, என் சொல் அதன் விளிம்போடு முடிய வேண்டும் என்ற கட்டுப்பாடு.

மரபில் எல்லாம் சௌக்கியம் என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டாம். 2018 ஜனவரியில் ராஜபாளையத்தில் வைரமுத்து ஆற்றிய உரையில், ஆண்டாள் பற்றி மேற்கோளாக வந்த ஒரு வாக்கியத்துக்காக இந்த வட்டாரமே கொதித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஜீயர் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். அந்த மேற்கோளின் தகுதி பற்றிய தர்க்கம் வேறு. அது நடந்திருக்க வேண்டியது. நடந்தது யாருக்குப் பேச உரிமை என்ற தகராறு. அதன் நடுவில் ஆண்டாளின் கவிதையைப் பற்றிப் பேச இடமே இல்லாமல் போயிற்று. கதைக்கு ஒரே உடையவன் உண்டென்று ஆகிவிட்டால், அவன் கம்பெனியாக இருந்தாலும் கூட்டமாக இருந்தாலும், படைப்புக்கு நேர்வது ஒன்றுதான்.

பாங்கில் இரண்டு பக்கமும் ஒத்துவராத தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் வைக்கிறோம். அது பொய்த் தொகை அல்ல. எந்தத் தலைப்பில் போவதென்று தெரியாத மெய்த் தொகை. அதைத் தூக்கிச் சுமப்பது தொல்லையான வேலை. டேலி ஆகவேண்டும் என்று வவுச்சரைக் கிழித்துப் போடுகிறவன் சாயங்காலம் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். நம் விமர்சனத்தில் வவுச்சர் கிழிப்பவர்கள் அதிகம். புதுக்கவிதையின் வம்சாவளியை எழுதுகிறபோது, யாருக்கு யார் வாரிசு என்ற அட்டவணைக்குள் அடங்காத கவிஞனை இல்லாமலேயே ஆக்கிவிடுகிறோம். பத்திரிகையின் பெயரும் வருஷமும் சரியாக இருக்கும், கவிதை இருக்காது. அந்த மாதிரி வரலாறுகளைவிட, கம்பெனியே கைவிட்ட ஒருத்திக்காக இருபது நிமிஷ பஸ் பிரயாணத்தில் தொண்டை வறளப் பேசுகிற அந்த இரண்டாவது கட்சிக்காரர்களிடம் விமர்சன புத்தி கூடுதலாக இருக்கிறது. அவர்களுக்கு இன்னும் பிடிபடாதது ஒன்று உண்டு. சோனியாவை அட்டவணையில் மறுபடி சேர்க்க வேண்டும் என்று கேட்கிறார்கள். அட்டவணையில் சேர்ந்துவிட்டால் அந்தக் குழந்தைக்குத் தகப்பன் பெயர் எழுதியாக வேண்டிவரும்.