ஷ்மிட் எழுதும் பொய்கள்

மனைவியைப் பறிகொடுத்த கிழவரைப் பற்றிப் படமெடுப்பவர்களுக்கு ஒரு சுலபமான வழி இருக்கிறது. இறந்தவளைத் தேவதையாக்கிவிட்டால் போதும், கிழவரின் சிடுசிடுப்பெல்லாம் அன்பாகிவிடும். 2015இல் வந்த ஸ்வீடன் படம் 'எ மேன் கால்டு ஓவே' அந்த வழியில்தான் போகிறது, நன்றாகவே போகிறது. அலெக்சாண்டர் பெய்ன் 2002இல் இயக்கிய 'அபவுட் ஷ்மிட்' அந்தப் பக்கமே திரும்புவதில்லை. சிரிப்பும் துயரமும் கலந்த படங்களில் இதை நான் மிக உயரத்தில் வைப்பதற்கு அதுதான் முதல் காரணம். குறைகளும் இருக்கின்றன, அவற்றைச் சின்னவை என்று ஒதுக்க முடியாது.

வாரன் ஷ்மிட்டுக்கு 66 வயது. அமெரிக்காவின் ஒமாஹா நகரில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் ஆயுட்கணக்குப் போடும் ஆக்சுவரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தொலைக்காட்சி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, தான்சானியாவில் இருக்கும் எண்டுகு என்ற ஆறு வயதுப் பையனுக்கு மாதம் 22 டாலர் அனுப்ப ஒப்புக்கொள்கிறார். கூடவே ஒரு கடிதமும் எழுத வேண்டும். அந்த முதல் கடிதத்திலேயே மனக்கசப்பையெல்லாம் கொட்டிவிடுகிறார். 42 வருடம் குடும்பம் நடத்திய ஹெலனைப் பற்றி, என் வீட்டில் இருக்கும் இந்தக் கிழவி யார் என்று கேட்கிறார். உட்கார்ந்துதான் சிறுநீர் கழிக்க வேண்டும் என்று அவள் போட்ட சட்டத்தைக்கூட விடுவதில்லை. நாம் சிரிக்கிறோம். கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டு அவர் வீடு திரும்பும்போது வாக்யூம் கிளீனர் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது, சமையலறைத் தரையில் ஹெலன் இறந்து கிடக்கிறாள். நாம் சிரித்த சிரிப்புக்கும் இந்தச் சாவுக்கும் நடுவே பெய்ன் மூச்சுவிட இடம் தரவில்லை.

அதன்பிறகு வரும் துக்கம் ஒழுங்கில்லாதது. ஏன் இவ்வளவு மலிவான சவப்பெட்டி வாங்கினாய் என்று மகள் ஜீனி கேட்கிறாள். இதைவிட மலிவானதும் இருந்தது என்பதுதான் ஷ்மிட்டின் பதில்! மனைவியின் கோல்ட் கிரீமை எடுத்து முகத்தில் பூசிக்கொள்பவரும் இவர்தான், அவள் போன பிறகு வேண்டுமென்றே நின்றுகொண்டு சிறுநீர் கழிப்பவரும் இவர்தான். அவளுக்கும் தன் நண்பனுக்கும் முன்பு உறவு இருந்ததைப் பழைய கடிதங்களிலிருந்து தெரிந்துகொள்ளும்போது ஆத்திரமும் சேர்ந்துகொள்கிறது. எதை நினைத்து அழுவது என்றே தெரியாத மனிதர் இவர். தன் விஷயத்திலும் தொழில்முறைக் கணக்கே போடுகிறார்: மறுமணம் செய்துகொள்ளாவிட்டால் ஒன்பது வருடங்களுக்குள் சாக 73 சதவீத வாய்ப்பு.

படத்தின் ஆகப்பெரிய பலம் அந்தக் கடிதங்களே. திரையில் ஒன்று நடக்கும், எண்டுகுவுக்கு எழுதும்போது அது வேறொன்றாகிவிடும். அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது, அதே இடத்தில்தான் வலியும் இருக்கிறது. இதைத் தாங்கி நிற்பது ஜாக் நிக்கல்சனின் நடிப்பு. புருவத்தை உயர்த்திக் குறும்பாகச் சிரித்தே பார்வையாளர்களைக் கட்டிப்போட்டவர், இங்கே அதையெல்லாம் கழற்றி வைத்துவிட்டார். நாடகப் பிரிவில் கோல்டன் குளோப் விருது வாங்கியபோது, நகைச்சுவைப் படம் எடுத்ததாகத்தான் நினைத்திருந்தோம் என்ற பொருளில் அவர் மேடையில் பேசினார். எனக்கு அது படத்தைப் பற்றிய மிகச் சரியான விமர்சனமாகப் படுகிறது.

மகளின் கல்யாணத்துக்காக ஷ்மிட் தன் 35 அடி வின்னபேகோ வீட்டுவண்டியில் டென்வர் போய்ச் சேர்ந்ததும் படம் கொஞ்சம் சறுக்குகிறது. பெய்ன் ஒமாஹாவில் பிறந்தவர். அந்த ஊர்க்காரர்களின் இறுக்கத்தை உள்ளிருந்து எழுதுகிறார். மருமகனாக வரப்போகும் ராண்டலின் குடும்பத்தை மட்டும் மேலிருந்து பார்க்கிறார். அவனுடைய தண்ணீர்ப் படுக்கை வியாபாரம், தலைமுடி, சுவரில் மாட்டிய சான்றிதழ்கள் எல்லாமே கேலிக்கென்று வைத்தவை. ராண்டலின் தாய் ராபர்ட்டாவை அந்தக் கேலியிலிருந்து காப்பாற்றுபவர் கேத்தி பேட்ஸ். தன் உடலைப் பற்றிக் கூச்சமே இல்லாத அந்தப் பெண்ணுக்கு முன்னால் ஷ்மிட்தான் சிறுத்துப்போகிறார்.

இதைவிடப் பெரிய குறை ஹெலன். முதலில் கணவனின் எரிச்சல் வழியாக அவளைப் பார்க்கிறோம், பிறகு அவனுடைய குற்ற உணர்வு வழியாக. அந்த வின்னபேகோ வாங்க அவளுடைய பணமும் போயிருக்கிறது என்பதைக்கூட மகள் சொல்லித்தான் தெரிந்துகொள்கிறோம். ஜூன் ஸ்க்விப் கிடைத்த சில காட்சிகளில் உற்சாகமான ஒரு பெண்ணைக் கோடிட்டுக் காட்டுகிறார். திரைக்கதைக்கு அவளிடம் கேட்க ஒரு கேள்வியும் இல்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, கல்யாண விருந்தில் ஷ்மிட் பேசும் இடத்தைத் தராசின் மறுதட்டில் வைக்கிறேன். இந்தக் கல்யாணத்தை நிறுத்தத்தான் அவர் அவ்வளவு தூரம் வண்டியோட்டி வந்தார். எழுந்து நிற்கிறார், தடுமாறுகிறார், ஒவ்வொருவரையும் பாராட்டிவிட்டு மகிழ்ச்சி என்று முடிக்கிறார். அடுத்து கழிப்பறையில் தனியாக நிற்கும் அந்த முகத்தைப் பார்த்தால், அந்தப் பேச்சுக்கு அவர் கொடுத்த விலை தெரியும். கோழைத்தனமா, மகளுக்குச் செய்த ஒரே தியாகமா? இரண்டுமே என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பெய்னும் எதையும் தீர்த்துச் சொல்வதில்லை.

கடைசியில் எண்டுகு வரைந்த படம் வருகிறது, பெரியவர் ஒருவரும் சிறுவனும் கைகோத்து நிற்கும் படம். அதைப் பார்த்து ஷ்மிட் அழுவதை மலிவான கண்ணீர் என்று சொல்ல இடமிருக்கிறது. ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் விமோசனத்துக்கு ஆப்பிரிக்கச் சிறுவன் கருவியாகிறான் என்ற குற்றச்சாட்டிலும் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பையனுக்குப் படிக்கவே தெரியாது என்பதைச் சித்திரத்துடன் வந்த ஒரு கன்னியாஸ்திரீயின் கடிதம் சொல்லிவிடுகிறது. ஷ்மிட்டின் பொய்களைப் போலவே இந்தச் சித்திரமும் நடக்காத ஒன்றைத்தான் காட்டுகிறது. ஓவேவுக்காவது அக்கம்பக்கத்தார் குடும்பமாகிறார்கள். ஷ்மிட்டுக்குக் கிடைப்பது ஒரு காகிதம், அவ்வளவுதான். அதனால் அந்தக் கண்ணீரை நான் நம்புகிறேன். ஹெலனுக்கென்று இன்னும் ஒரு காட்சி எழுதியிருந்தால் இதைக் குறையற்ற படைப்பு என்றே சொல்வேன். அது இல்லாமலும், மனைவியை இழந்தவரைப் பற்றிய படங்களில் இதற்கு மேலே வைக்க எனக்கு வேறொரு படம் கிடையாது.