பகடையும் பாத்திரமும்

கதை படிப்பவன் பிறன் வாழ்வில் சிறிது நேரம் குடியிருக்கிறான். கூத்தாடுபவன் அந்தப் பிறனாகவே ஆகிவிடுகிறான். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேஜை விளையாட்டில் இரண்டும் கலந்திருக்கின்றன. ஒருவர் கதையை நடத்துகிறார்; மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுகிறார்கள். துணிந்த காரியம் பலிக்குமா என்பதைப் பகடை சொல்கிறது.

இது இலக்கியமா என்று கேட்பார்கள். அச்சில் நிற்கும் அழகு இதற்கு இல்லை. பேச்சு பல வேளைகளில் சப்பென்றுதான் இருக்கும். ஆயினும் நாவலாசிரியன் செய்யமாட்டாத ஒன்றை இது செய்கிறது: முடிவெடுக்கும் பாரத்தைக் கேட்பவன் தலையிலேயே சுமத்துகிறது. பாஞ்சாலியைப் பணயம் வைத்த தருமனை ஏசுவது எளிது. அவன் இடத்தில் அமர்ந்து பகடையைக் கையில் எடுத்தால் ஏச்சு அவ்வளவு சுலபமாக வராது.

காஞ்சிபுரத்துக் கட்டைக்கூத்துக்கு இது பழகிய சங்கதி. பகலில் வயலில் நின்றவர் இரவில் கிரீடமும் புஜகீர்த்தியும் தாங்கித் துரியோதனனாகி, விடிய விடிய அவன் பக்கத்து நியாயத்தையும் பேசுகிறார்.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில், 2024இல், 18,720 பெண் தொழிலாளர் தங்கக்கூடிய விடுதி திறக்கப்பட்டது. கட்டிலும் சோறும் மட்டும் போதுமா? நாளெல்லாம் ஒரே வேலையைச் செய்த கைக்கு இரவில் ஒரு பகடையும், கூப்பிட இன்னொரு பெயரும் வேண்டாமா? தன்னை வேறொருத்தியாக எண்ணிப் பார்த்தவளுக்குத் தன் வாழ்வையும் வேறு விதமாக எண்ணிப் பார்க்க வரும்.