ஒத்தையில் நடந்தவள்

வைகை அணைக் குடியிருப்பில் வளர்ந்த எனக்குப் பாதயாத்திரை என்பது வாசலில் நின்று பார்க்கிற ஒன்றாகவே இருந்தது. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள் போவார்கள். கார்த்திகை பிறந்தால் ஐயப்ப சாமிகள் தேனி, கம்பம் வழியாகக் குமுளி ஏறுவார்கள். அப்பா மாலை போட்ட வருடங்களில் அம்மா விடியற்காலை நான்கு மணிக்குக் குளித்துவிட்டு அடுப்பு பற்றவைப்பாள். விலக்கான நாட்களில் அவளும் நானும் பக்கத்து வீட்டுப் பின்கட்டில் படுத்துக்கொள்வோம். அப்பா மலைக்குப் போய்வந்ததைப் பல வருடம் பேசினார்கள். அந்த நாற்பத்தொரு நாளும் அம்மா வீட்டுக்குள்ளேயே எவ்வளவு தூரம் நடந்தாள் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நாற்பத்தாறாம் வயதில், போன சித்திரை முழுநிலவுக்கு, நான் முதன்முதலாக நடந்தேன். பழனிக்கு அல்ல. கூடலூரைத் தாண்டி லோயர்கேம்ப் பக்கம் பளியங்குடியிலிருந்து மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு. ஆறரை கிலோமீட்டர் போல ஏற்றம். பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் இருக்கும் கோயில், வருடத்தில் அந்த ஒரு நாள் மட்டும் திறக்கும். குமுளிப் பக்கமாக ஜீப் உண்டு. ஆனால் இருபது வருடமாகச் சிலப்பதிகாரம் நடத்துகிறவள் ஜீப்பில் போய் இறங்கினால் நன்றாக இருக்காது என்று ஒரு வீம்பு.

அந்த வீம்பில் நடந்தபோதுதான் ஒன்று உறைத்தது. கண்ணகி இரண்டு முறை நடக்கிறாள். முதல் நடை புகாரிலிருந்து மதுரைக்கு. கணவன் இருக்கிறான், கவுந்தியடிகள் இருக்கிறார். வழியில் எதை மிதிக்கக் கூடாது என்பதைக்கூடக் கவுந்தி சொல்லித் தருகிறார். மாங்காட்டு மறையோன் வந்து மூன்று வழிகளையும் விரித்துச் சொல்கிறான். சோலை, வயல், பறவை என்று காதை காதையாக நீள்கிறது. கொஞ்ச தூரம் போனதுமே களைத்துப்போய் மதுரை எங்கே என்று கேட்கிறாள் கண்ணகி. சிறுபிள்ளையின் கேள்வி அது. கோவலன் சிரித்தபடி பதில் சொல்கிறான்.

இரண்டாவது நடை மதுரையிலிருந்து நெடுவேள் குன்றத்துக்கு. கிழக்கு வாசல் வழியே கணவனோடு வந்தவள் மேற்கு வாசல் வழியே தனியாக வெளியேறுகிறாள். கொற்றவை கோயில் முன் வளையை உடைத்துவிட்டு வைகையின் ஒரு கரையைப் பிடித்து மேற்கே நடக்கிறாள். பள்ளம் மேடு பார்க்காமல், இரவு பகல் தெரியாமல் நடந்தாள் என்று சில அடிகளில் கவி முடித்துவிடுகிறார். இன்றைய கணக்கில் நூறு கிலோமீட்டருக்கு மேல். எங்கள் ஊரைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். 1959-இல் திறந்த அணையின் நீருக்கடியில் அந்தக் கரையில் ஒரு பகுதி இன்று கிடக்கிறது. அணைக்கு மேலே போனால் ஆறு இரண்டு கையாகிறது. ஒன்று வருசநாட்டுக்குப் போகும், இன்னொன்று முல்லையாறாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் போகும். எந்தக் கையைப் பிடிப்பது என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? காப்பியத்தில் பதில் இல்லை. முதல் நடையில் வழி கேட்டவள் இரண்டாவதில் யாரையும் எதையும் கேட்கவில்லை.

பதினான்காம் நாள் கணவனைத் தெய்வ வடிவில் காண்பாய் என்று மதுராபதி சொன்ன வாக்கு இருப்பதால், இந்த நடையும் கணவனை நோக்கிய நடைதானே என்று வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. ஆனாலும் அந்தப் பதினான்கு நாள் அவள் கணவனில்லாத பெண்ணாக உயிரோடு இருந்தாள். பாண்டிமாதேவி அப்படி இருக்கவில்லை, அரசன் வீழ்ந்ததும் தானும் உயிர்விட்டாள். இந்த இருவரில் யாரைப் போற்றுவது என்று செங்குட்டுவன் கேட்கிறபோது, நம் நாட்டுக்கு வந்தவளைத்தான் வணங்க வேண்டும் என்கிறாள் இளங்கோ வேண்மாள். உடன் மாய்ந்தவள் இருக்க, நடந்து வந்தவளை ஒரு பெண் தேர்ந்தெடுக்கிறாள். கற்பு என்ற ஒற்றைச் சொல்லால் இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பழகிய நம் உரைகள் இந்த இடத்தில் நிற்பதே இல்லை. பிறகு கதை ஆண்கள் கைக்குப் போகிறது. இமயம், படை, கல், கனக விசயர் தலை. ஒரு தனிப் பெண்ணின் நடைக்குச் சில அடி, அவளுக்குக் கல் எடுக்கப்போன படைக்கு ஒரு காண்டத்தில் பாதி.

பளியங்குடி ஏற்றத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. பக்கத்தில் அறுபது வயதுக்காரி ஒருத்தி, தலையில் துணிப்பையோடு, பேசிக்கொண்டே ஏறினாள்.

“ஒங்களுக்கு வலிக்கலையாக்கா?”

“ஏலத்தோட்டத்துல ஏறி எறங்குற காலு டீச்சர். இன்னைக்குக் கூலி இல்ல, அம்புட்டுத்தான்.”

பள்ளத்தாக்கின் பெண்கள் விடியுமுன்னே ஜீப்பில் அடைந்து கேரளத்துத் தோட்டங்களுக்குப் போய் இருட்டித் திரும்புகிறவர்கள். அவர்கள் மலையேறுவதற்கு யாரும் மாலை போட்டு அனுப்புவதில்லை.

அதே புலிகள் காப்பகத்தின் இன்னொரு பக்கத்தில்தான் சபரிமலை. பத்து வயதுக்கும் ஐம்பதுக்கும் இடைப்பட்ட பெண்கள் வரக்கூடாது என்பதை 1991-இல் கேரள உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. 2018 செப்டம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை நீக்கியது. மாறுபட்ட அந்த ஒருவர் அமர்வில் இருந்த ஒரே பெண் நீதிபதி. 2019 நவம்பரில் விவகாரம் பெரிய அமர்வுக்குப் போனது. மங்கலதேவி மலையில் வயது கேட்பவர் இல்லை. நான் அன்று மூன்றாம் நாள். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதை ஒரு வெற்றி என்று நினைத்துக்கொண்டுதான் வரிசையில் நின்றேன்.

சன்னதியில் பெண்களுக்கு மஞ்சள் கயிறும் வளையலும் பிரசாதமாகக் கொடுத்தார்கள். எனக்கும் வந்தது. திரும்பிப் பார்த்தால் அக்காவைக் காணோம். இடிந்த கல் சுவரோரமாக ஒதுங்கி நின்றிருந்தாள். போகச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவளாகவே போயிருந்தாள்.

“வாங்கலையாக்கா?”

“எனக்கெதுக்கு டீச்சர்? அவரு போயி ஒம்போது வருசமாச்சு.”

“கண்ணகியும் அப்படித்தானேக்கா.”

என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “அவ சாமி,” என்றாள்.

வளையை உடைத்து எறிந்துவிட்டு நடந்தவளின் மலையில் வளையல் தருகிறார்கள். கணவனை இழந்து வந்து நின்றவளின் பெயர் மங்கலதேவி. குறவர்கள் வேங்கை மர நிழலில் கண்டது ஒரு மார்பு இழந்த, கணவனைப் பறிகொடுத்த பெண்ணை. அவளைத்தான் தெய்வம் என்றார்கள், அவளுக்குத்தான் குரவை ஆடினார்கள். அந்தக் கோலத்துக்கு மிக அருகில் இருந்தவள் அன்று வரிசைக்கு வெளியே நின்றாள். கையில் வளையலோடு உள்ளே நின்றது நான். எனக்குக் கூச்சமாக இருந்தது. அவளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் வளையலைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இறங்கும்போது அவளே ஆரம்பித்தாள்.

“இவ எந்தூர்லருந்து வந்தா டீச்சர்?”

“மதுரையிலருந்துக்கா. ஆத்தங்கரையப் பிடிச்சே நடந்து வந்தா.”

“ஒத்தையிலயா?”

“ஒத்தையிலதான். பதினாலு நாளு.”

கொஞ்ச தூரம் பேசாமல் இறங்கினாள்.

“சோத்துக்கு என்ன பண்ணுனா?”

முனைவர் பட்டத்துக்கு நான் படித்த எந்த உரையிலும் இந்தக் கேள்வி இல்லை. “அது எழுதலைக்கா,” என்றேன்.

“வழியில யாராச்சும் ஒருத்தி கஞ்சி ஊத்தியிருப்பா,” என்று சொல்லிவிட்டு, பையைத் தலைமாற்றி வைத்துக்கொண்டு, முன்னால் போனாள்.